மாசி, பங்குனி மாலைகளில் வெளியே உட்கார்ந்து சாப்பிட: மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாசியில் அப்பாவைத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தேன். அவருக்கு இளைப்பு. ஏசி அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சாப்பாடு இறங்காது. எழுபதாவது பிறந்தநாளை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. தலைக்கு மேல் வானம் தெரிகிற ஓர் இடத்தில் ஆறு பேரும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர், அரை மணி நேரத்தில் இடம் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான்கு மாலைகள் போயின. ஓரிடத்தில் அட்வான்ஸும் போனது. கடைசியில் நல்ல இடம் அமைந்தது, அப்பாவும் வயிறாரச் சாப்பிட்டார். ஆனால் அந்த நான்கு மாலை அலைச்சல் தேவையே இல்லை. எதை முதலில் கேட்க வேண்டும், எதை நேரில் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். வயதானவர்கள், கைக்குழந்தை, ஏசி ஆகாதவர்கள் வீட்டில் இருக்கும் யாருக்கும் இது உதவும்.

1. முதலில் மாதம், அப்புறம் மணி

பிப்ரவரிக் கடைசியையும் மார்ச்சையும் வசந்தம் என்று ஊர் உலகம் சொல்லலாம். நம் கணக்கில் அது பின்பனிக் காலம், மாசியும் பங்குனியும். மதுரையில் வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தோதான வாரங்கள் தை, மாசியோடு பங்குனி முன்பாதி வரைதான். பங்குனி பாதி தாண்டினால் பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சித்திரை பிறந்துவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கும் மாடித் தரை சுடும். அதனால் மார்ச் கடைசி வரை தள்ளிப் போடாதீர்கள்.

இந்த மாதங்களில் சூரியன் மாலை 6.25 வாக்கில் மறைகிறது. வெயில் போய்விட்டதே என்று 6.30-க்கு மாடி ஏறினால் ஏமாற்றம்தான். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் அப்போதுதான் கக்க ஆரம்பிக்கும். நான் முதல் நாள் போன இடத்தில் காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது, கால் மட்டும் அடுப்பங்கரையில் நிற்கிற மாதிரி காந்தியது. ஏழேகாலுக்குப் போய் ஒன்பதுக்குள் எழுவதுதான் சரியான நேரம்.

ஒன்பதுக்கு மேல் வேறு சங்கதி. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மாசி முன்பாதியில் மொட்டை மாடியில் இரவு தாமதமாக உட்கார்ந்து பாருங்கள், நாற்காலிக் கைப்பிடி பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். இளைப்பு, சைனஸ் உள்ளவர்களுக்கு இது ஏசியை விட மோசம்.

காலை வேளையையும் மறந்துவிடாதீர்கள். ஏழிலிருந்து எட்டரை வரை மரத்தடியில் இட்லி, பொங்கல் சாப்பிடுவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. கூட்டமும் குறைவு, செலவும் குறைவு.

தவிர்க்க வேண்டிய நாட்களை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் முகூர்த்த நாட்கள். புல்வெளி உள்ள ஓட்டல்கள் பலவும் அன்று அந்தப் புல்வெளியைக் கல்யாண வரவேற்புக்கு விட்டுவிடுகின்றன. போனில் ‘வாங்க சார்’ என்பார்கள், போனால் உள்ளே ஏசி அறையில் உட்கார வைப்பார்கள். அடுத்தது பங்குனித் திருவிழா. திருப்பரங்குன்றத்தில் முருகன் திருக்கல்யாணத்துக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருள்வார்கள், அன்று பசுமலைச் சாலையில் வண்டி நகராது. மகா சிவராத்திரி இரவில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் விடிய விடிய நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நிற்பதே ஆனந்தம் என்பவர்கள் போகலாம், வயதானவர்களோடு வேண்டாம்.

மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும். வீட்டில் பிள்ளைகள் படிப்பதால் குடும்பக் கூட்டம் வார நாட்களில் குறைந்துவிடும். செவ்வாய், புதன் போனால் விருப்பமான மேசையே கிடைக்கும்.

2. எந்த மாதிரி ‘வெளி’ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மதுரையில் வெளியே உட்காருவது என்றால் நான்கைந்து விதம் இருக்கிறது. ஒன்றைக் கேட்டு இன்னொன்று கிடைத்தால்தான் சண்டை வருகிறது.

*மொட்டை மாடி.* ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டிய தங்கும் ஓட்டல்கள் சிலவற்றில் மேல்மாடி உணவகம் உண்டு. சுப்ரீம் ஓட்டலின் மாடியில் உள்ள சூர்யா நெடுநாளாக அறியப்பட்டது. இந்த மாடிகளின் பெரிய லாபம், விளக்கு போட்ட கோபுரங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிவது. ரயிலில் வந்து இறங்குகிற உறவினர்கள் நடந்தே வந்துவிடலாம். ஆனால் மாடிகள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும், மதியம் போய் நிற்காதீர்கள். லிஃப்ட் கடைசி மாடி வரை போகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பல கட்டடங்களில் அது ஒரு மாடி முன்னாலேயே நின்றுவிடும். மிச்சம் இருபது படி. மூட்டு வலிக்காரருக்கு அந்த இருபது படிதான் முழு மலை.

*மலையும் தோட்டமும்.* ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் பசுமலை. அங்கே குன்றின் மேல் கேட்வே ஓட்டல் இருக்கிறது, ஊரே கீழே விரிந்து கிடக்கும். கோச்சடையில் ஹெரிட்டேஜ் மதுரை ஓட்டலின் வளாகம் பெரிய மரங்களும் நிழலுமாக இருக்கும். அமைதி வேண்டும், இடமும் தாராளமாக வேண்டும், செலவு பரவாயில்லை என்றால் இந்த வகைதான். நட்சத்திர ஓட்டல் விலையை எதிர்பார்த்துப் போங்கள். இருட்டிய பிறகு பசுமலைப் பக்கம் திரும்பி வர ஆட்டோ சட்டென்று கிடைக்காது. போகும் ஆட்டோவையே திரும்ப வரச் சொல்லி எண்ணை வாங்கி வையுங்கள்.

*சாலையோரக் குடில்.* நான்குவழிச் சாலை, அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை, ஒத்தக்கடைப் பக்கம் கீற்றுக் குடில் போட்ட உணவகங்கள் நிறைய வந்துவிட்டன. குழந்தைகள் ஓடியாட இடம் இருக்கும், காரை நிறுத்துவதும் சுலபம். ஏமாறுவதும் இங்கேதான் அதிகம், அதை நான்காவது படியில் சொல்கிறேன். நத்தம் சாலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தல்லாகுளம் பக்கத்திலிருந்து கிளம்பும் மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். தெரியாமல் மேலே ஏறிவிட்டால் கீழே இருக்கும் உணவகத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வர வேண்டும். கடையின் அடையாளத்தைக் கேட்கும்போதே ‘பாலத்துக்குக் கீழேயா, பாலம் தாண்டியா’ என்று கேட்டுவிடுங்கள்.

*தெருவோரம்.* என் கணக்கில் மதுரையின் நிஜமான வெளி இருக்கை இதுதான். பரோட்டாக் கல்லுக்கு எதிரே போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல், தட்டில் பிய்த்துப் போட்ட பரோட்டா, மேலே ஊற்றிய சால்னா. சிம்மக்கல், கோரிப்பாளையம், மாசி வீதிகள் எல்லாம் ஏழு மணிக்கு மேல்தான் களைகட்டும். கறி தோசை, கோலா உருண்டை, ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் எல்லாம் அங்கே கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். இந்த ஆண்டுகளில் ரமலானும் மாசி, பங்குனியை ஒட்டியே வருவதால், நோன்பு நாட்களில் காஜிமார் தெருப் பக்கம் சாயங்காலம் போனால் அந்தத் தெருவே ஒரு பெரிய உணவகமாக இருக்கும். நடைபாதையில் போட்ட நாற்காலிகளை மாநகராட்சி எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். போன வாரம் உட்கார்ந்தோமே என்று பத்துப் பேரை நம்பி அழைத்துப் போகாதீர்கள். மூன்று, நான்கு பேருக்குத்தான் சரி.

*தண்ணீர்க் கரை.* வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் சிறு கடைகள் இருக்கும். குளத்தில் தண்ணீர் நிற்கும் நாளில் காற்று அருமையாக வரும். வயிறு நிறையச் சாப்பிட இல்லை, கொறிக்கத்தான். ஊருக்கு மேற்கே, கீழக்குயில்குடி சமணர் மலையடியில் தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உண்டு. நடைப்பயிற்சிக்காரர்களை நம்பி நடக்கும் சின்னக் கடைகளும் அங்கே உண்டு. காலையில் போங்கள். அழகர்மலை அடிவாரத்தில் கட்டுச்சோறு பிரிப்பதாக இருந்தால் குரங்குகள் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், அங்கே மூடிய இடம்தான் நல்லது.

3. போனில் கேட்க வேண்டியவை

‘வெளியே உட்கார இடம் இருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். அந்தக் கேள்வி பிரயோஜனமில்லை. இப்படிக் கேளுங்கள்:

உட்காருகிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? வானமா, கீற்றா, தகரமா? தகரம் என்றால் மார்ச்சில் வேண்டவே வேண்டாம்.

அடுப்பு எங்கே இருக்கிறது? இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். சமையலறை கீழ்த்தளத்தில், நீங்கள் ஏழாவது மாடியில் என்றால் தோசை வந்து சேர்வதற்குள் துவண்டுவிடும். ‘மாடியிலேயே தோசைக்கல் இருக்கு சார்’ என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே அங்கே போகலாம் என்று முடிவு செய்தேன், வீண் போகவில்லை. கல் தொலைவில் இருக்கும் இடத்தில் இடியாப்பம், ஆப்பம், குழம்பு வகை என்று சொல்லுங்கள். தோசையும் பரோட்டாவும் சொல்லாதீர்கள்.

அன்று அந்த இடத்தில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா? புல்வெளி யாருக்காவது புக் ஆகியிருக்கிறதா?

மின்சாரம் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா?

கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு? சில இடங்களில் உள்ளே பதினொன்று வரை சாப்பிடலாம், மாடியை மட்டும் பத்துக்கே அடைத்துவிடுவார்கள்.

பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பேசும்போது ‘நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு உங்க கேஷியர் சொன்னாரே’ என்று சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் தனி மரியாதை.

4. முந்தின மாலையே நேரில் போய் நில்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நான் தாண்டித்தான் அடிபட்டேன்.

புறவழிச் சாலையில் ஓர் உணவகம். இணையத்தில் போட்ட படங்களில் பச்சைப்பசேல் தோட்டம், கயிற்றில் தொங்கும் மஞ்சள் விளக்குகள். போனில் கேட்டேன். “ஃபுல்லா கார்டன்தான் சார், நல்லா காத்து வரும்” என்றார்கள். ஆறு பேரும் போய் இறங்கினோம். தோட்டம் என்பது வாசலில் வைத்த ஏழெட்டு குரோட்டன்ஸ் தொட்டிகள். மேசைகள் தகரக் கூரைக்கு அடியில், மூன்று பக்கம் திறந்த கொட்டகையில். சமையலறையின் புகைபோக்கி விசிறி எங்கள் மேசையைப் பார்த்தே ஓடிக்கொண்டிருந்தது. கடுகும் மிளகாயும் தாளித்த நெடி அப்படியே அப்பாவின் முகத்தில் அடித்தது. ஐந்தாவது நிமிடம் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எழுந்து வந்துவிட்டோம். முன்பணமாகக் கட்டிய ஆயிரம் ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை, ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’ என்று இருந்ததை நான் படித்திருக்கவில்லை.

அதற்கப்புறம் எந்த இடத்துக்கும் முந்தின நாள் ஐந்தரை மணிக்குத் தனியாகப் போய் ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு காபிச் செலவில் எல்லாம் தெரிந்துவிடும்.

மாடியில் என்றால் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஐந்தரைக்குக் கை வைக்க முடியாத சூடு என்றால் ஏழரைக்கும் வெதுவெதுப்பு இருக்கும். தரையில் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதித்திருந்தால் சீக்கிரம் ஆறும். சிவப்புத் தட்டோடு, கருங்கல் எல்லாம் ஆறத் தாமதமாகும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அடுப்புப் புகையைப் பாருங்கள். புகை போகும் திசையில் மேசை பிடிக்காதீர்கள். பரோட்டாக் கடை என்றால் கல்லுக்குப் பின்பக்கம் ஓரமாக உட்காருங்கள், எதிரே வேண்டாம்.

விளக்கைப் பாருங்கள். பளீரென்ற வெள்ளை விளக்குக்கு நேர் கீழே பூச்சி விழும். மஞ்சள் விளக்கு இருக்கும் ஓரம் நல்லது. முழு இருட்டும் வேண்டாம், மீன் முள் பார்த்துச் சாப்பிட வேண்டாமா! அயிரை மீன் குழம்பு சொல்கிறவர்களுக்கு அது பிரச்சினையில்லை, மற்ற மீனுக்கு வெளிச்சம் வேண்டும்.

கொசு: தேங்கிய தண்ணீர், சாக்கடை மூடி, வாழைத்தோட்டம் பக்கத்தில் இருந்தால் ஏழு மணிக்கு அங்கே உட்கார முடியாது. நின்று பார்த்தாலே கால் சொல்லிவிடும். தரையில் ஓடும் பீடஸ்டல் மின்விசிறி கால் பக்கம் காற்று வருகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தால் பாதிக் கொசு அண்டாது.

கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, மேற்கத்திய வகை உண்டா என்று பார்த்துவிடுங்கள். பெரியவர்களுக்கு இது சாப்பாட்டை விட முக்கியம்.

கடைசியாக, எந்த மேசை என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். மேசை எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படம் எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

5. மேசை பிடிப்பது, முன்பணம், தாள்கள்

ஆறு பேர் வரை வார நாளில் முந்தின நாள் சொன்னால் போதும். சனி, ஞாயிறு என்றால் மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒரு வாரம்.

சாதாரணமாக மேசை பிடிக்க எந்த அடையாள அட்டையும் தேவையில்லை. பெயர், போன் எண், எத்தனை பேர், எத்தனை மணி என்பதோடு சரி. பெரிய கூட்டத்துக்குப் புல்வெளியைப் பிடிக்கும்போது ஆதார் நகல் கேட்கலாம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள், முழு எண்ணைக் கொடுக்க அவசியமில்லை.

முன்பணம் கட்டினால் ரசீதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, ‘மாடி’ அல்லது ‘புல்வெளி’ என்ற சொல், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும். நான்காவதை யாரும் தாமாக எழுத மாட்டார்கள். நீங்கள்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும். ‘வெளியே இடம் தர முடியாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல இடத்துக்காரர்கள் தயங்காமல் எழுதித் தருவார்கள், தயங்கினால் வேறிடம் பாருங்கள். யுபிஐ-யில் கட்டும்போது குறிப்பில் ‘மாடி மேசை முன்பணம், தேதி’ என்று அடித்து அனுப்புங்கள், அதுவே ஓர் ஆதாரம்.

அலுவலகக் கணக்கில் காட்ட வேண்டிய விருந்து என்றால் நிறுவனத்தின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் பில் அடிப்பதற்கு முன்பே கொடுங்கள். அடித்த பிறகு மாற்றுவதற்குள் விடிந்துவிடும்.

6. செலவும் பில்லும்

எங்களுக்கு மாடியில் ஆறு பேருக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன், ஒரு மதிப்பு கிடைக்கும். சாப்பாடு 2,340 ரூபாய். அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது மத்திய வரி 58.50, மாநில வரி 58.50. மொத்தம் 2,457. இதே சாப்பாட்டு விலைக்கு 18 சதவீத வரி போட்டால் 2,761 ஆகிவிடும். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற ஓட்டல் வளாகத்துக்குள் இருக்கும் உணவகம் 18 சதவீதம் போடலாம். மற்றவர்களுக்கு 5 சதவீதம்தான். போனிலேயே ‘வரி எத்தனை சதவீதம்’ என்று கேட்டுக்கொண்டால் பில் வரும்போது முகம் மாறாது.

பில் கையில் வந்ததும் மூன்று இடத்தில் கண்ணை ஓட்டுங்கள்.

மேலே, ஜிஎஸ்டி எண். 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கட்டாதீர்கள். சிறு கடைகள் சில காம்போசிஷன் என்கிற, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கும், அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. அதன் பக்கத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லில் அதை அச்சிடுவது கட்டாயம்.

கீழே, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ‘இதை எடுத்துட்டு வேற பில் கொடுங்க தம்பி’ என்று அமைதியாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறுகிற பையன்களுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள். ஏழு மாடி ஏறி இறங்கி ஓடுகிறவர்கள் அவர்கள்.

நடுவில், தண்ணீர் பாட்டில். உட்கார்ந்ததும் கேட்காமலே திறந்து வைத்துவிடுவார்கள். ஓட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது, அதனால் விலை பற்றி வாதாட முடியாது. வேண்டாம் என்றால் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, சாதாரணக் குடிநீர் கேளுங்கள்.

தெருக்கடையில் பில்லே வராது. உட்காரும்போதே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக ஈரல், நல்லி, சுக்கா போன்றவற்றுக்கு. பரோட்டா விலையை வைத்து மனக்கணக்குப் போட்டால் தப்பாகும். அங்கே பணத்தைத் தின்பது பரோட்டா அல்ல, தொட்டுக்கொள்வதுதான்.

7. போகிற அன்றைக்கு

கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிடப் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது, வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். நாங்கள் ஏழேகாலுக்கு மேசை சொல்லிவிட்டு ஆறு மணிக்கு உள்ளே போனோம். கூட்டத்தில் வெளியே வர எட்டாகிவிட்டது. போனை வாங்கிப் பார்த்தால் உணவகத்திலிருந்து நான்கு அழைப்புகள், மேசையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மீது தப்பில்லை. கோயிலுக்கு அப்புறம்தான் சாப்பாடு என்றால் ‘எட்டரைக்கு வருவோம், போன் எடுக்க முடியாது, வைத்திருங்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். அல்லது ஒருவர் வெளியே சித்திரை வீதியில் போனோடு இருக்கட்டும். எந்த வாசலில் போனைக் கொடுத்தீர்களோ அதே வாசலுக்குத் திரும்ப வர வேண்டும், வாசல் பெயரை நினைவில் வையுங்கள்.

சித்திரை வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். காரில் வருகிறவர்கள் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இடத்தில் உள்ள அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்கலாம். நடக்க முடியாதவர்களை முதலில் உணவக வாசலில் இறக்கிவிட்டு அப்புறம் வண்டியை விடப் போங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான்: பெரியவர்களுக்குத் தலையில் கட்ட ஒரு துண்டு அல்லது மெல்லிய சால்வை, இளைப்புக்காரருக்கு இன்ஹேலர், கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, ரசீது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை. தெருக்கடையில் சில நேரம் யுபிஐ வேலை செய்யாது.

மாடியில் வாழை இலை போட்டால் காற்றில் ஓரம் தூக்கும். பரிமாறுவதற்கு முன்பே இலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, நுனிப் பக்கம் டம்ளரை வையுங்கள், அடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். வெளியே சாப்பாடு சீக்கிரம் ஆறும். முதலில் இடியாப்பமும் குழம்பும், அதை முடித்த பிறகு தோசை, அதற்கப்புறம் மற்றது என்று பிரித்துச் சொன்னால் எல்லாம் சூடாகவே வரும். எங்கள் அப்பாவுக்கு மூன்றாவது தோசை வரும்போதும் ஆவி பறந்தது. “இத அப்படியே கல்லோட தூக்கிட்டு வந்தாம் போல” என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார்.

எட்டே முக்காலுக்குப் பில்லைக் கேட்டுவிடுங்கள், வந்து சேர கால் மணி நேரம் ஆகும். கீழே இறங்கியதும் தெருமுனையில் பருத்திப்பால் வண்டி நின்றால் விடாதீர்கள். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, சூடாக ஒரு டம்ளர். மாசிப் பனி ஏறிய நெஞ்சுக்கு இதமாக இருக்கும். ஜிகர்தண்டாவை மறுநாள் மதியம் வைத்துக்கொள்ளலாம்.